உன் வரைபடத்தில் இல்லாத வேம்புகள்

கண்ணு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் நகர் நலச் சங்கக் கூட்டத்தில் உன்னுடைய பூங்கா வரைபடம் ஓட்டுக்கு வருகிறது. வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று தலைவர் கேட்கும்போது நான் கை தூக்கப்போகிறேன். நீ படித்து முடித்து வந்து தொட்ட முதல் வேலை அது. அதை வேண்டாமென்று பெற்றவளே சொல்லப்போகிறேன். கூட்டத்தில் நாலு பேர் நடுவில் வைத்து இது உனக்குத் தெரியக் கூடாது, என்னிடமிருந்து முதலில் தெரிய வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் சொல்லிப் பார்க்காமல் இல்லை. நான் வாயைத் திறந்தால் நீ செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாய். உன் அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். எழுதிக் கொடுத்தால் கடைசி வரைக்கும் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

இதை ஒளித்து மறைத்துக் கொடுக்கவும் போவதில்லை. இன்று உனக்கு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு. எழுந்து நின்று இதைத்தான் வாசிப்பேன். பேசினால் போதாதா என்று கேட்பாய். நம் சங்கத்தில் பெண்கள் எழுந்து பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் யாராவது “டீ வந்துருச்சுங்க” என்பார்கள், எல்லோரும் எழுந்துவிடுவார்கள். கையில் காகிதம் வைத்துக்கொண்டு வாசித்தால் மட்டும் என்னவோ கோர்ட்டில் உட்கார்ந்த மாதிரி கம்மென்று இருப்பார்கள். ஆகவே புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் புரிகிற மாதிரி கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், உனக்குத் தெரிந்த கதையாக இருந்தால் பொறுத்துக்கொள். எழுதுவதெல்லாம் கரண்ட் போகிற மத்தியானங்களில். கீழே நம் தையல் மெஷின்கள் நின்று, பெண்கள் வாசலில் உட்கார்ந்து காற்று வாங்குகிற நேரத்தில், பீஸ் செக்கிங் செய்கிற மேஜையிலேயே காகிதத்தை விரித்திருக்கிறேன். கரண்ட் வந்தால் எழுந்து போய்விடுவேன். அதனால் அங்கங்கே விட்டு விட்டுத்தான் இருக்கும்.

நம் வீட்டுக்கு எதிரே இருக்கிற ரிசர்வ் சைட்டைச் சொல்கிறேன். தோட்டத்தை மனைகளாகப் பிரித்து விற்றபோது பூங்காவுக்கு என்று சட்டப்படி விட்ட இடம். நாம் குடிவந்தபோது அதில் ஒரே ஒரு கிழட்டு வேம்பு மட்டும் மூலையில் நின்றது. தோட்டத்துக்காரர் காலத்திலிருந்தே வரப்பு ஓரத்தில் நின்ற மரம், பிளாட் அளந்தவர்கள் கல் நடுவதற்கு இடைஞ்சல் இல்லாததால் விட்டுவிட்டார்கள். மற்றதெல்லாம் மொட்டைத் தரை. நமக்கு அந்த மொட்டை பிடித்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் சீமாறும் களைக்கொத்தும் எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கி, புல் பூண்டு இல்லாமல் செதுக்கி வைப்போம். “ஊட்டு வாசலாட்டம் வெச்சிருக்கறீங்க” என்று வருகிறவர்கள் சொல்லும்போது எங்களுக்குத் தலை கால் புரியாது.

ஆனியிலும் ஆடியிலும் அந்தக் கிழட்டு வேம்பு பழுத்துக் கொட்டும். காக்காயும் மைனாவும் தின்றுவிட்டுக் கொட்டையை நாலாபக்கமும் துப்பும். ஒரு மழை பெய்தால் போதும், தரை முழுக்கச் சின்னச் சின்னதாய் ரம்ப இலையோடு முளைத்து நிற்கும். களைக்கொத்தால் கொத்தினால் தரை குழியாகிறதே என்று எனக்கும் பக்கத்து வீட்டு ருக்மணிக்கும் ஒரு யோசனை வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அப்போது ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். நாள் முழுக்க பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிறைக் கத்தரிப்பதுதான் வேலை. அந்தக் கத்தரியையே எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு வேப்பங்கன்றையும் தரையோடு தரையாக நறுக்கினோம். பிசிறு கண்ணில் பட்டால் கை தானாகப் போகிற பழக்கம் எங்களுக்கு. ஒன்று விடவில்லை. இந்தக் கூத்தைத் திருப்பூரைத் தவிர வேறு எந்த ஊரிலும் செய்திருக்க மாட்டார்கள். நறுக்கி முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, “சித்தே நிழல் இருந்தா நல்லா இருக்கும்ல ருக்கு?” என்று நானே கேட்டிருக்கிறேன். அவளும் “ஆமாங்க்கா, ஒரு மரம் வெக்கோணும்” என்றிருக்கிறாள். எங்கள் இரண்டு பேரையும் என்ன சொல்வது!

மரம் வைக்காமலும் இல்லை. வருடா வருடம் மைக் செட் கட்டி மரம் நடு விழா. நர்சரியிலிருந்து பாலிதீன் பையில் செடி வரும். பூ வைக்கிற செடி, ஊசி இலைச் செடி, பேரே வாயில் நுழையாத செடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு இரும்புக் கூண்டு, கூண்டில் நன்கொடை கொடுத்தவர் பேர் பெயின்ட்டில். உன் அப்பா பேரும் ஒன்றில் இருந்தது, நீ சைக்கிளில் போகும்போது அதைத் தொட்டுக்கொண்டு போவாய். போர் தண்ணீர்தான் ஊற்றினோம். நம் பக்கத்து போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, சாயப்பட்டறைப் புண்ணியத்தில் வாளியில் உப்புப் படியும். சித்திரைக்குள் செடி கருகிவிடும். கூண்டும் பேரும் மட்டும் நிற்கும். அடுத்த வருடம் அதே கூண்டில் வேறு செடி. பெயின்ட்டை மட்டும் புதிதாக அடிப்போம்.

அப்புறம்தான் அந்தப் பூட்டுச் சண்டை. புதியவர்களுக்குச் சொல்கிறேன், இன்றைய தலைவர் தண்டபாணி அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ரிசர்வ் சைட்டில் பிள்ளையார் கோயில் கட்ட வேண்டும் என்று தண்டபாணி அண்ணன். ஷட்டில் கோர்ட் போட வேண்டும் என்று உன் அப்பா. இவர் ராக்கெட்டைக் கையில் தொட்டதே கிடையாது, அண்ணன் கோயில் என்றதால் இவர் கோர்ட் என்றார், அவ்வளவுதான். கூட்டத்தில் நாற்காலி தூக்குகிற அளவுக்குப் போய், மறுநாள் காலையில் பார்த்தால் கேட்டில் அண்ணன் ஒரு பூட்டுப் போட்டிருந்தார். மத்தியானம் உன் அப்பா சங்கிலி வாங்கி வந்து இன்னொரு பூட்டுப் போட்டார். “அவரு தொறக்காம நான் தொறக்க மாட்டேன்” என்று இவர். “மொதல்ல அவரத் தொறக்கச் சொல்லுங்க” என்று அவர். இரண்டு பேரும் ஒரே பேக்கரியில்தான் டீ குடிப்பார்கள், ஆளுக்கொரு மூலையில் பேப்பரை விரித்துக்கொண்டு. நானும் அண்ணன் வீட்டு அக்காவும் தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் சாவியைக் கேட்டால் மட்டும் இரண்டு வீட்டிலும் குடும்பச் சண்டை.

இரண்டு மழைக்காலம் அப்படியே போயிற்று. சுவர் எகிறிக் குதித்துக் கூட்டிப் பெருக்க எங்களுக்கு என்ன தலையெழுத்தா? சீமாறைத் தூக்கிப் பரணில் போட்டோம். யாரோ சுவருக்கு வெளியிலிருந்து கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக உள்ளே வீசினார்கள், வெட்டிப்போட்ட பனியன் துண்டெல்லாம் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக மழையில் நனைந்து பரவிக் கிடந்தது. கம்பிக் கேட் வழியாகப் பார்த்தால் அதுதான் கண்ணில் படும். எவ்வளவு அழகாக வைத்திருந்த இடம் என்று ருக்மணியிடம் சொல்லி மூக்கைச் சிந்தியிருக்கிறேன்.

பூட்டைத் திறக்க வைத்தது தண்டபாணி அண்ணன் மகள் கல்யாணம். மண்டபம் நம் தெருமுனையில்தான், மாப்பிள்ளை வீட்டார் கோயமுத்தூர், கார் வரிசை கட்டி வரும், நிறுத்த இடம் வேண்டும். அதுவரைக்கும் வீறாப்பில் நமக்குப் பத்திரிகை வைக்காத அண்ணன், முகூர்த்தத்துக்கு முதல் நாள் தாம்பூலத் தட்டில் அதை வைத்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். “ஏனுங் மாப்ள, ஊட்டுக்குள்ள வரலாங்களா?” என்றார். உன் அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அவரும் “வாங் மாமா, இதென்ன கேள்வி” என்று துண்டை உதறி நாற்காலியைத் துடைத்தார். பத்திரிகை வைத்த கையோடு இரண்டு பேரும் இரண்டு சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னாலேயே நாங்கள். நீயும் காலேஜ் லீவில் வந்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விட்டு, கேட்டைத் தள்ளினால் தள்ள முடியவில்லை. உள்ளே செடி முட்டிக்கொண்டிருந்தது. கார் நிறுத்தப் போனவர்கள் காட்டுக்குள் நின்றார்கள்.

வேம்பு, கண்ணு. அத்தனையும் வேம்பு. இடுப்பளவு, மார்பளவு, சிலது என் தலைக்கு மேல். ரோட்டோரத்துப் புங்க மரத்துக் காய் மழைத்தண்ணீரில் உருண்டு வந்து சாக்கடை ஓரமெல்லாம் புங்கன். வௌவால் போட்டதோ என்னவோ, நடுவில் ஒரு நாவல். கட்டிங் வேஸ்ட் கிடந்த இடத்தில் ஈரம் காயாமல் இருந்திருக்கிறது, அங்கேதான் நெருக்கமாக வந்திருந்தது. ஒரு வேப்பங்கன்று ஒரு பனியன் கைத்துண்டுக்குள் நுழைந்து மேலே வந்திருந்தது, யாரோ உடுத்திவிட்ட மாதிரி. உன் அப்பா பேர் போட்ட கூண்டு காலியாக நின்றது. அதற்கு ஒரு முழம் தள்ளி, கூண்டும் இல்லாமல் பேரும் இல்லாமல், ஒரு வேம்பு கூண்டை விட உயரமாக நின்றது. தண்டபாணி அண்ணன் தலையில் கை வைத்தார். “அட கெரகமே, பொழுதோட ஜேசிபிய வரச் சொல்லோணுமாட்ட இருக்குது” என்றார். மறுநாள் முகூர்த்தம், எந்த ஜேசிபி வரும்? கார்களை எல்லாம் ரோட்டில் நிறுத்தினோம். கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மண்டபத்துப் புழுக்கம் தாங்காமல் அந்தச் செடிகளுக்கு நடுவில் போய் நின்று வெற்றிலை போட்டார்கள். நான் அன்றைக்குச் சாப்பிடக்கூடப் போகவில்லை. செடி செடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை வருடம், எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதைக் கத்தரியால் நறுக்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் நட்டதெல்லாம் செத்தது. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தபோது இது வந்திருக்கிறது.

அப்புறம் நடந்ததற்கு நீ இங்கே இல்லை, கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய். நான் சொல்கிறேன் கேள். மழை ஓய்ந்ததும் நானும் ருக்மணியும் உள்ளே போய் வேலிக்கருவையையும் சவுண்டலையும் மட்டும் பிடுங்கினோம். அதை விட்டால் மற்றதை அமுக்கிவிடும். நெருக்கமாக நின்ற வேம்பில் நோஞ்சானை எடுத்துவிட்டு நன்றாய் வருவதை விட்டோம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்ற ஏது தண்ணீர்? மாசியில் இலை உதிர்த்துக் குச்சியாக நின்றது, செத்துவிட்டது என்று நினைத்தேன். பங்குனியில் செம்பு நிறத்தில் துளிர்விட்டது பார், அந்த வாரம் பூராவும் வேலைக்குப் போகும்போது கேட்டில் நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன், கம்பெனி பஸ்ஸைக்கூட ஒரு நாள் விட்டேன். இப்போது நீயே பார்க்கிறாயே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? மதுரைப் பக்கத்திலிருந்தும் தேனிப் பக்கத்திலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற தையல் பெண்கள். பீகாரிலிருந்து வந்த நிட்டிங் பையன்கள். அவர்கள் ரூமில் தகரக் கூரை, பகலில் படுக்க முடியாது. அந்தப் பெண்களில் ஒருத்தி என்னிடம், “இந்த ஊர்ல காசு கொடுக்காம உக்காரக்கூடிய இடம் இது ஒண்ணுதான்க்கா இருக்கு” என்றாள். ஆமாம் என்றேன்.

இனி உன் வரைபடத்துக்கு வருகிறேன். அதை ஹாலில் விரித்துக் காட்டினாயே, கலர் பிரிண்ட், பளபளவென்று. பச்சை லான், நடுவில் நீரூற்று, சுற்றிலும் டைல்ஸ் பாதை, வரிசையாக ஒரே உயரத்தில் பாம் மரங்கள். எனக்குப் பெருமையாக இல்லை என்று நினைத்தாயா? இரண்டு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், நீ பார்க்கவில்லை. உன்னை டெக்ஸ்டைல் படிக்க வைக்க வேண்டும் என்று உன் அப்பா பிடிவாதம் பிடித்தபோது, அந்த மார்கழி மாதம் பூராவும் அவரோடு பேசாமல் தட்டை மட்டும் முன்னால் வைத்துவிட்டுப் போனவள் நான். “கட்டடம் வரையறவனுக்கு இந்த ஊர்ல எவன் வேல குடுப்பான்?” என்று கேட்டார். “என்ற பையனுக்கு நம்ம நகரே குடுக்கும், பாருங்க” என்றேன். வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. பலித்த வேலைக்கு நானே குறுக்கே நிற்கிறேன் என்றால், எனக்கு எவ்வளவு வலிக்கும் என்று நினைத்துப் பார். அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் அதில் நடக்கிற மனிதர்கள் யாரும் நம் ஊர்க்காரர்கள் இல்லை. தொப்பி போட்ட ஆள், நாயைப் பிடித்துக்கொண்டு போகிற பெண். தையல் பெண்களையும் காணோம், வேம்பையும் காணோம்.

அன்று சாயங்காலம் உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். “இதெல்லாம் என்ன பண்ணுவ சாமி?” என்று கேட்டேன். “லெவல் பண்ணீர்லாம்ங்ம்மா. எல்லாம் தானா மொளச்ச களைதானுங்ம்மா” என்றாய். “களையா? வேம்புடா இது.” “வேம்போ என்னமோ, பிளான்ல இல்லீங்ம்மா. எடம் எடமா நின்னா லான் எப்படிப் போடறது? வரிசையா இருந்தாத்தான் பார்க்கு.” நான் அதற்குக் கொஞ்சம் ஏடாகூடமாகத்தான் பேசிவிட்டேன். “உன்ற லானுக்குத் தண்ணி உன்ற மாமியார் ஊட்ல இருந்தா வரும்?” என்றேன். இன்னும் பெண்ணே பார்க்கவில்லை, மாமியாரை இழுத்தது தப்புத்தான். நீ முகம் சிவந்து, “ஊரே சரிங்குது, நீங்க ஒருத்தரு வேண்டாங்கறீங்க. அவனோட அம்மாளே வேண்டாம்னுடுச்சுன்னா அப்பறம் எவன் என்னைக் கூப்புடுவான்?” என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாய். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. உன் பயம் நியாயமான பயம். அதற்குப் பதில் தேடித்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கரண்ட் வந்து போயிற்று. ஒரு லாட் முடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

உன் அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்த காலத்தில் ஒரு தரம் நடந்ததைச் சொல்கிறேன். பனியன் தைக்கிற நிட்டட் துணி ரோலாகச் சுற்றி வரும்போது இழுபட்டிருக்கும். பிரித்துத் தளர்த்தி ஒரு நாள் பூராவும் சும்மா போட்டுவைத்தால்தான் அது தன் அளவுக்கு வரும். அப்புறம்தான் கத்தி வைக்க வேண்டும். அந்தத் தரம் ஷிப்மென்ட் அவசரம், பாஸ் தலைமாட்டில் நின்று கத்தினார், உன் அப்பா ரோலைப் பிரித்த கையோடு வெட்டிவிட்டார். வரிசையாக, ஒரே அளவாக, பார்க்க அவ்வளவு நேர்த்தி. தைத்து முடித்து என் மேஜைக்கு வந்தபோது பீஸெல்லாம் சுருங்கி, பெரியவர்கள் பனியன் பிள்ளைகள் பனியன் மாதிரி நின்றது. லாட் முழுக்க செகண்ட்ஸ், கழித்துக் கட்டின சரக்கு. உன் அப்பா மத்தியானச் சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: “துணி என்ன அளவுக்கு வருதுன்னு பாக்காம நான் என்ற அளவ அது மேல வெச்சுட்டேன் புள்ள.” நீயும் அதைத்தான் செய்யப் பார்க்கிறாய். அந்த இடம் இப்போதுதான் தன் அளவுக்கு வந்துகொண்டிருக்கிறது. எந்த மூலையில் எது வரும், எங்கே ஈரம் நிற்கும், எந்தப் பக்கத்து வெயில் எதற்கு ஆகும் என்பதெல்லாம் அதுவே பார்த்து முளைத்திருக்கிறது. அதைச் சமன் செய்துவிட்டு, எங்கேயோ வளர்ந்த பாம் மரத்தைக் கொண்டுவந்து நட்டு, லாரித் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுவேன் என்கிறாயே, எத்தனை நாளைக்கு? தண்ணீர் லாரி வராத வாரம் நாம் குளிக்கவே யோசிக்கிறோம், புல்லுக்கு யார் ஊற்றுவார்கள்?

உன்னை வளர்த்த கதையை இதில் நுழைத்து, நீயும் எனக்கு ஒரு செடிதான் என்று முடிப்பேன் என்று பயப்படாதே. நீ செடி இல்லை. செடி எதிர்த்துப் பேசாது.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். பாம்பு வருகிறது என்கிறார்கள். வந்தது, ஒரு சாரைப் பாம்பு, நானே பார்த்தேன். புதரை வெட்டி அடியைச் சுத்தமாக வைத்தால் அது நிற்காது. சாயங்காலமானால் பாட்டிலோடு வந்து உட்காருகிற ஆகாவழிகள் இருக்கிறார்கள், அதுவும் உண்மை. ஒரு லைட் கம்பம் போட்டால் ஓடிப்போவார்கள். சுவரில் ஒரு அரசங்கன்று முளைத்து வெடிப்பு விட்டிருக்கிறது, அதை எடுத்துத்தான் ஆக வேண்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. தானாய் முளைத்தது எல்லாவற்றையும் கட்டிப்பிடித்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. எதை எடுப்பது எதை விடுவது என்று பக்கத்தில் போய்ப் பார்த்து எடு என்கிறேன். மேஜை முன்னால் உட்கார்ந்துகொண்டு மொத்தமாக அழிக்காதே. இது இந்தப் பூங்காவுக்கு மட்டும் இல்லை, நாளைக்கு நீ எந்த ஊரில் எந்த இடத்துக்கு டேப்பைத் தூக்கிக்கொண்டு போனாலும் முதல் நாள் டேப்பை எடுக்காதே. சும்மா உட்கார்ந்து பார். யார் எந்த வழியாக நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எது ஏற்கெனவே அங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார். உன் காலேஜில் இதைச் சொல்லிக்கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது, இல்லையென்றால் அம்மா சொன்னாள் என்று வைத்துக்கொள்.

தண்டபாணி அண்ணனிடமும் பேசிப் பார்த்தேன். “ஏனுங்ணா, அந்தச் செடியெல்லாம் நிக்கட்டுமுங்களே” என்றேன். “அம்மிணி, கோயமுத்தூர்ல என்ற சம்பந்தி ஊட்டுப் பக்கம் ஒரு பார்க்கு இருக்குது, கண்ணாடியாட்டம். அவிங்க நம்மூருக்கு வந்தா இந்தக் காட்டக் காட்டறதா?” என்றார். “அவிங்க சொந்தக்காரங்க கல்யாணத்தன்னிக்கு இங்கதானுங்ணா நின்னு வெத்தல போட்டாங்க” என்றேன். சிரித்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. “உன்ற பையன் வேற மாதிரி வரைஞ்சு கொண்டாந்தா நான் வேண்டாங்கறனா?” என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நம்பிக்கையாக இருக்கிறேன். கூட்டத்தில் இதை வாசிக்கும்போது அண்ணன் இல்லை என்று சொல்ல மாட்டார், சொல்லட்டும் பார்க்கிறேன்.

வேறு மாதிரி என்றால் எப்படி என்று கேட்பாய். எனக்கு வரையத் தெரியாது, நடந்து காட்டத் தெரியும். கேட்டிலிருந்து நாவல் வரைக்கும், நாவலிலிருந்து கிழட்டு வேம்பைச் சுற்றி பின்பக்கத்துச் சந்து வரைக்கும் ஆள் நடந்து நடந்து ஒரு தடம் விழுந்திருக்கிறது. அதுதான் உன் பாதை. அதில் டைல்ஸ் வேண்டாம், கிராவல் போடு, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கட்டும். நீரூற்றுக்குக் குறித்த இடத்தில் நாலு கல் பெஞ்சு. புங்கன் நிற்கிற சாக்கடை ஓரத்தில் அறுபது எழுபது வயதுக்காரர்கள் உட்கார ஒரு மேடை. ஒரு மூலையை வேலி போட்டு யாரும் கூட்டாமல், செதுக்காமல், கத்தரி வைக்காமல் விட்டுவிடு, அடுத்து வருகிற கன்றுகள் அங்கே வரட்டும். ருக்மணியும் நானும் காவல். காலிக் கூண்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். பேர் போனால் உன் அப்பா வருத்தப்படுவார், ஒரு நாள் சாப்பிட மாட்டார், அப்புறம் சரியாகிவிடும். இப்படி ஒரு படம் வரைந்து அதற்குக் கீழே உன் பேரைப் போட்டால், அவனோட அம்மாளே வேண்டாம்னுடுச்சு என்று எவன் சொல்வான்? அந்த இடத்தைப் பார்த்து வரைந்தவன் என்று சொல்வான். உன்னைத் தேடி வருவான். இது பெற்றவள் வாய் ஜாலம் இல்லை. இந்த ஊரில் நிழலுக்கு அலைகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் நான் இதுவரைக்கும்தான் வாசிப்பேன். இனி எழுதுவது உனக்கு மட்டும்.

கண்ணு, இன்றைக்கு வியாழன். நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. நீ வேறு படம் கொண்டுவந்தால் நான் இரண்டு கையையும் தூக்குவேன், ருக்மணி கையையும் பிடித்துத் தூக்குவேன். கொண்டுவராவிட்டால் வேண்டாமென்று ஒரு கை தூக்குவேன். என்னோடு ருக்மணி தூக்குவாள். மற்றபடி யார் தூக்குவார்கள் என்று தெரியாது. உன் அப்பா தூக்க மாட்டார், “பையன் மொதல் வேலடி, குறுக்க நிக்காத” என்று இன்று காலையில்கூடக் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினார். ஒருவேளை நான் தோற்றுவிட்டால் திங்கட்கிழமை ஜேசிபி வரும். அதன் முன்னால் போய் மறித்துப் படுக்கிற ஆள் இல்லை நான். டிரைவருக்கு டீ போட்டுக் கொடுப்பேன். நீ கான்ட்ராக்டரை அனுப்பிவிட்டு மாடியில் உட்காராமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அதை மட்டும் கேட்கிறேன். ஜெயித்தாலும் தோற்றாலும் மத்தியானம் வீட்டில் உனக்குச் சோறு உண்டு, கோபித்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போகாதே.

கூட்டத்தில் எனக்கு எதிர் வரிசையில் உட்காராதே, கண்ணு. பின்னால் எங்கேயாவது உட்கார். வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்கிற அந்த நேரத்தில் மட்டும் என் முகத்தைப் பார்க்காதே. நீ பார்த்தால் தூக்கின கையை இறக்கிவிடுவேன்.

அம்மா